ஒட்டுப்பெட்டியும் ஓர் ஒற்றும்

பெட்டி வெள்ளையாக இருந்தது. நேற்றும் வெள்ளை, முந்தாநாளும் வெள்ளை, ஒரு வாரமாகவே வெள்ளை, இன்றைக்காவது மனமிரங்கி ஏதாவது நிறம் காட்டும் என்று காப்பித் தம்ளரோடு கணினி முன்னால் வந்து உட்கார்ந்தால், நீலம் போட்டு அலசின வேட்டி மாதிரி இன்றைக்கும் அதே வெள்ளை. நடுவில் ஒரு குட்டி வட்டம் சுற்றியது. சுற்றட்டும், வருவதற்குத்தானே சுற்றுகிறது என்று தவசிலிங்கம் ஒரு மிடறு குடித்தார். வட்டம் நின்றது. ஒன்றும் வரவில்லை. வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாலும் தேவலை, இப்படி ஆசை காட்டிச் சுற்றிவிட்டு நிற்கிறதே, இதென்ன புத்தி? அவர் வலைப்பூவின் பெயர் ‘பிழை களைவோம்’. இடப்பக்கம் முழுக்க அவருடைய கட்டுரைகள், எங்கே வல்லெழுத்து மிகும், எங்கே மிகாது என்று. வலப்பக்கம் மேலே அவர் படம், அதற்குக் கீழே தேதி, அதற்கும் கீழே இந்தப் பெட்டி. புனேயில் இருக்கிற மகள் பொற்கொடி, படம் போடுகிற அந்தத் தளத்தில் பேத்தியின் படத்தைப் போட்டால் போதும், அது தானாக நடந்து சிவகாசி வந்து இந்தப் பெட்டியில் நிற்கும். ஊர் உலகமெல்லாம் இதை விட்ஜெட் என்கிறது. தவசிலிங்கம் விடுவாரா? யோசித்து யோசித்து ‘ஒட்டுப்பெட்டி’ என்று பெயர் வைத்து, பெயர்க்காரணம் விளக்கி ஒரு கட்டுரையும் எழுதினார், அதற்குக் கீழே ராஜபாளையத்து வாசகர் முத்தையாசாமி மட்டும் ‘அருமை அண்ணாச்சி’ என்று போட்டிருந்தார். வீட்டில் மனைவி வேலுத்தாய்க்கு அது டப்பா. ‘உங்க டப்பால புள்ள வந்துட்டாளா’ என்பாள். வாசகர்களுக்காகத்தான் பெட்டி என்று அவர் சொல்லிக்கொள்வார், ஆனால் காலையில் எழுந்து பல் விளக்கினதும் வலைப்பூவைத் திறக்கிறவர் கட்டுரைப் பக்கம் திரும்பியாவது பார்ப்பாரா, நேரே வலப்பக்கம்தான் கண் ஓடும். இன்றைக்குப் பெட்டி ஓடியே ஆகவேண்டும். பேத்திக்கு நேற்றைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி. என்ன வேடம்மா என்று கேட்டதற்கு, ‘சொல்லமாட்டேன்பா, படத்தில பாருங்க’ என்றிருந்தாள் பொற்கொடி. அப்படிச் சொல்லி இரண்டு வாரம் இருக்கும். ஔவையாராக இருக்குமோ? நாலு வயதுக்குக் கூன் போட வருமா? வேலு நாச்சியாரோ? புனேயில் வேலு நாச்சியாரை யாருக்குத் தெரியும்? ஒருவேளை மயிலோ? மயிலென்றால் தோகையை யார் கட்டிக்கொடுத்தார்களோ, குத்தாமல் கட்டினார்களோ என்னவோ.

“குளிக்கலையா?” என்று அடுப்படியிலிருந்து வேலுத்தாய் குரல் கொடுத்தாள். குளிப்பதாம், இந்த நேரத்தில்! “வேலையா இருக்கேன்” என்றார். வேலைதான். பெட்டிக்குப் பின்னால் இருக்கிற நிரலைத் திறந்தார். கோணல் அடைப்புக்குறியும் ஆங்கில எழுத்துமாக ஒரு பத்தி. புரியாது என்றாலும் அதில் ஓர் ஒழுக்கம் அவருக்குப் பிடிக்கும், எதைத் திறந்தாலும் கடைசியில் அதை மூடியே தீரவேண்டும், மூடாமல் எழுந்துபோக முடியாது. அச்சகத்தில் இப்படி ஓர் ஒழுக்கம் இருந்திருந்தால் அவருக்கு இத்தனை சீக்கிரம் தலை நரைத்திருக்காது. கல்யாணப் பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்த்தே கழிந்த வாழ்க்கை. ‘சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து வாழ்த்தியருள’ என்பதை ஒருவன் ‘சூழ வருந்தி வாழ்த்தியருள’ என்று அடித்து வைத்திருந்தான், எந்திரத்தில் தாள் ஏறப்போகிற நேரம், நிறுத்து நிறுத்து என்று வேட்டி தடுக்க ஓடிப்போய் நிறுத்தினார் தவசிலிங்கம். விட்டிருந்தால் அந்தச் சாத்தூர்க்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊரே வருந்திக்கொண்டு வந்திருக்கும். ஒரு சொல், ஐயா, ஒரே ஒரு சொல்! அந்தக் கண் இன்னும் போகவில்லை. அந்தக் கண்ணோடுதான் நிரலைப் படித்தார், படித்தவருக்கு நெஞ்சு திக்கென்றது. மேற்கோள் குறிகள். எல்லாம் அழகாக வளைந்திருந்தன, தொடக்கத்தில் ஒன்று இப்படி, முடிவில் ஒன்று அப்படி. வளைத்தது யார்? போன வாரம் வேறு எதற்கோ உள்ளே வந்தபோது, அவை எல்லாம் நெட்டுக்குத்தாக ஆணி அடித்த மாதிரி நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒவ்வொன்றாகத் திருத்தியது இதே தவசிலிங்கம்தான். போதாததற்குக் கடைசி வரியின் முடிவில் ஒரு முற்றுப்புள்ளி வேறு வைத்திருந்தார், வாக்கியம் அந்தரத்தில் நிற்கக் கூடாதே என்று. அட கிறுக்கா, கணினி நிரலுக்குப் போயா மெய்ப்புப் பார்ப்பாய்? யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பழைய நிரலை மொத்தமாக அழித்தார், புதிதாக ஒன்றை எடுத்து ஒட்டினார், ஆணிக்குறிகளைக் கண்ணை இறுக்கிக்கொண்டு அப்படியே விட்டார், சேமித்தார். வட்டம் சுற்றியது. சுற்றி நின்றது. வெள்ளை. அப்பாடா, என் குற்றமில்லை என்று முதலில் ஒரு நிம்மதி வந்தது, பிறகுதான், என் குற்றமில்லை என்றால் வேறு யார் குற்றம் என்கிற கேள்வி வந்தது, வந்தது போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

அடுப்படியில் வேலுத்தாய் சிரித்தாள். தனியாகத்தான் சிரித்தாள். கைப்பேசியில் எவனாவது வழுக்கி விழுகிற காணொளியாக இருக்கும். அந்தக் கைப்பேசியைத் தாம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று சபதம் போட்டவர் அவர், கைக்குள் அடங்குகிற சனியன் என்று கட்டுரை எழுதியவர். அதனால் எழுந்து போகாமல் உதவிப் பக்கத்தைத் திறந்தார். ‘ஒட்டிய பெட்டி தெரியவில்லையா?’ என்று தமிழிலேயே கேட்டது. தமிழில் இருக்கிறதே என்று மகிழ்ந்த மகிழ்ச்சி இரண்டாவது வரி வரைக்கும்தான். எந்த எந்திரத்தின் வாயில் போட்டு மென்று துப்பினார்களோ! ‘உங்கள் உலாவியின் நினைவை துடைத்து விடவும்.’ நினைவைத் துடைத்து. த் எங்கே போயிற்று? இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக நிற்கிறது, அங்கே மிகாமல் வேறு எங்கே மிகும்? ‘குக்கீகளை ஏற்று கொள்ளவும்.’ ஏற்றுக்கொள்ளவும். ‘விளம்பர தடுப்பானை உறங்க வைக்கவும்.’ விளம்பரத் தடுப்பான். பக்கத்தில் கிடந்த தாளில் குறிக்கத் தொடங்கிவிட்டார், கை தானாகப் போகிறது, என்ன செய்ய? சொன்னபடி நினைவைத் துடைத்தார், குக்கீ என்னவென்று தெரியாமலே ஏற்றுக்கொண்டார், எந்தத் தடுப்பானையும் தாம் எழுப்பவே இல்லையே என்று தேடிப்பார்த்தார். வெள்ளை. கடைசி வரிக்கு வந்தார். ‘கணக்கின் உரிமையாளர் உங்களை தடை செய்திருக்க கூடும்.’ ஒரே வரியில் இரண்டு! உங்களைத் தடை. செய்திருக்கக் கூடும். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கோடு இழுத்தார். ‘இந்தப் பக்கம் உங்களுக்கு உதவியாக இருந்ததா?’ என்று கேட்டது. இல்லை என்பதை அழுத்தினார். ஏன் என்று சொல்ல ஒரு கட்டம் திறந்தது. சும்மா இருப்பாரா? குறித்த ஒற்றுப்பிழைகளை ஒன்றுவிடாமல் தட்டச்சு செய்து, விதியும் எழுதி, எடுத்துக்காட்டும் கொடுத்து, ‘அன்புடன், தவசிலிங்கம், மெய்ப்புத் திருத்துநர் (ஓய்வு)’ என்று அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். வெகுநாளைக்குப் பிறகு ஒரு நல்ல காரியம் செய்த மாதிரி இருந்தது. பெட்டி அப்படியேதான் இருந்தது.

சரி, பெட்டி கிடக்கட்டும், நேரே தளத்துக்கே போய் மகளின் பக்கத்தைத் திறந்துவிடுவோம் என்று பெயரை அடித்தார். ‘இந்தப் பக்கம் இல்லை’ என்றது. இல்லையென்றால்? பொற்கொடி என்று சரியாகத்தானே அடித்தோம். பள்ளிக்கூடத்து வாத்தியாரே ஒருமுறை அதைப் ‘பொர்கொடி’ என்று எழுதிவிட்டுத் தவசிலிங்கத்திடம் அரைமணி நேரம் பாடம் கேட்டார், அதற்குப் பிறகு அந்த வாத்தியார் இவரைக் கண்டாலே சைக்கிளைச் சந்துக்குள் திருப்பிவிடுவார். மறுபடி அடித்தார். இல்லை. பக்கத்தையே எடுத்துவிட்டாளோ? எதற்கு எடுக்கிறாள்? போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது ‘வேலையா இருக்கேன்பா, அம்மாகிட்ட பேசுங்க’ என்றாள், அம்மாகிட்ட பேசுவதற்கு எதற்கு நான் புனேக்குப் போன் போடவேண்டும், அம்மா அடுப்படியில்தானே இருக்கிறாள், இதைக்கூட யோசிக்காமல் வைத்துவிட்டோமே அன்றைக்கு. குரல் எப்படி இருந்தது? கம்மியிருந்ததோ? பிள்ளைக்கு ஏதும் காய்ச்சலா? ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களா? வைத்திருந்தால் படம் எங்கே போடுவாள்? ஆனால் காய்ச்சலுக்கும் பக்கத்தை மூடுவதற்கும் என்ன சம்பந்தம்? மாமியார் வீட்டில் ஏதாவது சொன்னார்களா? அம்சவேணி அம்மாள் அப்படிச் சொல்லக்கூடியவர் இல்லை, கோயமுத்தூர்க்காரர், திட்டினாலும் இறுதியில் ஒரு ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார். பிள்ளைக்கு ரித்விகா என்று பெயர் வைத்தபோது, மொழிமுதலில் ரகரம் வராது, ‘இரித்துவிகா’ என்றுதான் எழுதவேண்டும் என்று இவர் வலைப்பூவில் அப்படியே எழுதினார், அதற்கும்கூட ‘உங்க இஷ்டமுங்க சம்பந்தி’ என்றாரே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. மகளைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். கேட்டால், என்னப்பா உங்க ஒட்டுப்பெட்டி ஓடலையா என்பாள், அதற்குப் பெயர் வைத்து, விளக்கம் எழுதி, பழுது நீக்குவது எப்படி என்று அடுத்த கட்டுரையும் அறிவித்துவிட்டவர் எந்த முகத்தோடு ஓடவில்லை என்பார்? முத்தையாசாமியைக் கூப்பிட்டார்.

“முத்தையா, நம்ம வலைப்பூவக் கொஞ்சம் திறந்து பாருங்க. வலப்பக்கம் என்ன தெரியுது?”

“உங்க படம் தெரியுது அண்ணாச்சி. மீசைக்கு மை போட்ட படம்.”

“அதுக்குக் கீழ.”

“தேதி. அதுக்குக் கீழ... அடடே! யாரு இது, நம்ம பேத்தியா? கத்திரிக்காயால்ல வந்து நிக்கா!”

“கத்தரிக்காய்” என்றார் தவசிலிங்கம். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

“சரி, கத்தரிக்காய். ஊதாச் சட்டை, வயித்துல தலகாணி வச்சுக் கட்டியிருக்கு போல, தலையில பச்சைக் காம்பு. கையில ஒரு கோப்பை அண்ணாச்சி, பரிசு வாங்கியிருக்கா! ஏன், உங்களுக்குத் தெரியலையா?”

தெரியவில்லை. ராஜபாளையத்தில் எவனோ ஒருவனுக்கு, எவனோ என்ன, முத்தையா நல்ல மனுஷன்தான், ஆனாலும் ரத்தமா சதையா, அவனுக்குத் தெரிகிறது, பெற்றவளைப் பெற்ற தமக்கு வெள்ளை தெரிகிறது. “கணினி கொஞ்சம் பழசு” என்றார். முத்தையாசாமி விடவில்லை, மறைவுச் சன்னல்னு ஒண்ணு இருக்கும் அண்ணாச்சி, அதுல திறங்க, நீங்க யாருன்னு அதுக்குத் தெரியாது, யாரோ ஊர்பேர் தெரியாத ஆளு வந்திருக்கான்னு நெனச்சுக்கும் என்று வழி சொன்னார். திறந்தார். கறுப்பாக ஒரு சன்னல் வந்தது. வலைப்பூவின் முகவரியை அடித்தார். வட்டம் சுற்றியது. நின்றது. பெட்டிக்குள் ஊதா நிறத்தில் ஒரு குண்டுக் கத்தரிக்காய் முன்பல் இரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. தவசிலிங்கம் ‘ஏ’ என்று சத்தம் போட்டே விட்டார். ஔவையாராம், வேலு நாச்சியாராம்! கத்தரிக்காயைப் போல ஒரு வேடம் உண்டா? காம்பு கொஞ்சம் சாய்ந்திருந்தது, சாய்ந்ததுதான் அழகு. கண் நிறைந்துவிட்டது அவருக்கு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பெட்டி பழுதில்லை! நிரல் பழுதில்லை! அப்படியானால் பழைய சன்னலில் மட்டும் ஏன்? அங்கே போய்ப் பார்த்தார், தம் பெயரில் உள்ளே நுழைந்திருக்கிற சன்னல், வெள்ளை. இங்கே வந்தார், ஊர்பேர் தெரியாத ஆளாக, கத்தரிக்காய். அங்கே தவசிலிங்கம், வெள்ளை. இங்கே யாரோ, கத்தரிக்காய். அங்கே, அந்தப் படத் தளத்தில் இருக்கிற தம் கணக்கிலிருந்து வெளியேறிப் பார்த்தார், வந்தது. பெயரும் கடவுச்சொல்லும் போட்டு உள்ளே போனார், போயிற்று. யாராக இருந்தாலும் தெரியும். தவசிலிங்கமாக இருந்தால் தெரியாது. இதென்ன பழுது, ஆளைப் பார்த்து வருகிற பழுது? அப்போதுதான் உதவிப் பக்கத்தின் கடைசி வரி, இரண்டு கோடு இழுத்த அந்த வரி, கோடுகளையெல்லாம் உதறிவிட்டு எழுந்து நின்றது. கணக்கின் உரிமையாளர் உங்களைத் தடை செய்திருக்கக் கூடும். ஒற்றோடு படித்தாலும் ஒற்றில்லாமல் படித்தாலும் ஒரே பொருள்தான். காலையிலேயே சொல்லிவிட்டது. அதைப் படித்துத் திருத்தி, விதி எழுதி, ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் என்று கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார் மனுஷன்.

பொற்கொடியா தடை செய்தாள்? கொடியா? என் கொடியா? கத்தரிக்காய்க்குக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார், ஊஞ்சல் ஒன்று, மழையில் நனைகிற ரப்பர்ச் செருப்பு ஒன்று, இதெல்லாம் எப்போது வந்தது, எல்லாம் அவர் பார்க்காதவை. அதற்கும் கீழே கேக். பிறந்தநாள் கேக். இதைப் பார்த்திருக்கிறார். இரண்டு நாள் உட்கார்ந்து அம்சவேணி அம்மாளே செய்த கேக்காம், மேலே இளஞ்சிவப்பில் அவரே கையால் எழுதியது, ‘பிறந்தநாள் வாழ்த்துக்கள்’. அன்றைக்கு இந்தப் படத்தைப் பெரிதாக்கினார் தவசிலிங்கம், பெரிதாக்கிப் பெரிதாக்கித் திரை முழுக்க அந்த ஒரு ‘க்’ மட்டும் நிற்கிற அளவுக்குக் கொண்டுவந்தார், தாம் நினைத்தது சரிதான் என்று உறுதி செய்துகொண்டு கீழே எழுதினார். கேக்கில் ‘வாழ்த்துக்கள்’ என்றுள்ளது, ‘வாழ்த்துகள்’ என்பதே சரி, ஒற்று மிகாது என்று. கொஞ்ச நேரத்தில் அம்சவேணி அம்மாள் பதில் எழுதியிருந்தார், ‘சரிங்க சம்பந்தி, ஏதோ தெரிஞ்சத வெச்சுச் செஞ்சனுங்க, அடுத்த வருசம் பாத்து எழுதறனுங்க’ என்று. அதோடு விட்டிருக்கலாம். விட்டிருக்கலாமே! ‘எழுதறனுங்க என்பது பேச்சு வழக்கு’ என்று தொடங்கி, பாடம் நடத்துகிற உற்சாகத்தில், அச்சகத்தில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கவைக்கிற பழைய வேடிக்கை ஒன்றையும் எடுத்துவிட்டார். ‘க் போட்டால் அது வாழ்த்துக் கள், குடிக்கிற கள் ஆகிவிடும். பிள்ளையின் விழாவில் கள் எதற்கு?’ பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை, வாழ்க்கையில் முதல்முறையாகத் தேடி எடுத்துப் போட்டது. அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் எழுதவில்லை. விதியை ஒப்புக்கொண்டார்கள் போலிருக்கிறது என்று இவரும் நிம்மதியாகத் தூங்கினார். இப்போது அதே படம், சிறிதாக, முழுதாக, கறுப்புச் சன்னலில் ஊர்பேர் தெரியாத ஆளுக்குத் தெரிகிறது. கேக்குக்குப் பின்னால் பிள்ளை நிற்கிறாள். மூக்கு நுனியில் இளஞ்சிவப்பாகக் கிரீம் ஒட்டியிருக்கிறது. அன்றைக்கு இந்த மூக்கைப் பார்க்கவே இல்லையே என்று தவசிலிங்கம் நினைத்தார்.

அடுப்படிக்குப் போனார். வேலுத்தாய் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உப்பு ஜாடியில் சாய்த்துவைத்த கைப்பேசியில் கத்தரிக்காய் சிரித்தது.

“உனக்குத் தெரியுதா?”

“வெள்ளெனயே வந்துட்டு. நீங்கதான் அந்த டப்பாவோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தீங்க.”

“எனக்குத் தெரியலை.”

“தெரியாது” என்றாள் அவள், வெண்டைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல். “உங்கள பிளாக் பண்ணி ஒரு வாரமாச்சு.”

“உனக்குத் தெரியுமா?”

“எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் பண்ணினா.”

“நீ ஏன்டி எங்கிட்டச் சொல்லலை?”

“சொன்னனே! ‘கொடி உங்க மேல கோவமா இருக்கா’ன்னு வந்து சொன்னேன். ‘கோவம் இல்ல, கோபம்’ன்னீங்க. சரிதான்னு திரும்பி வந்துட்டேன்.”

தவசிலிங்கத்துக்கு நினைவுக்கு வந்தது. சொல்லியிருந்தாள். மேற்கோள் குறிகளை வளைத்துக்கொண்டிருந்த நேரம். ஒரு ‘க்’குக்காகவா இத்தனை கோபம் என்று கேட்டார், குரல் அவருக்கே பிடிக்காத மாதிரி சன்னமாக வந்தது. வேலுத்தாய் கத்தியைக் கீழே வைத்தாள்.

“க்கும் இல்ல, ஙவும் இல்ல. கள்ளு எதுக்குன்னு எழுதியிருக்கீங்க. கொடியோட மாமனாரு, அந்தச் சம்பந்தி அண்ணன், குடிய விட்டு முழுசா ஒரு வருசம் ஆகலை. அவரு எவ்வளவு பாடுபட்டு விட்டாருன்னு கொடி அழுது அழுது சொன்னா, உங்ககிட்ட நான் சொல்லலை? அவங்க சொந்தபந்தம் பூரா பாக்குற எடத்துல போயி, புள்ள விழாவுல கள்ளு எதுக்குன்னு கேட்டா, அந்த மனுசன் என்னன்னு நெனப்பாரு?”

“ஐயோ, அது இலக்கணம் வேலு!”

“அம்சவேணி மதினிக்கு அது இலக்கணமாத் தெரியலை. ரெண்டு நாளா சோறு எறங்கலையாம். அந்த அண்ணன் கொடியக் கூப்பிட்டு வச்சு, ‘உங்கப்பாகிட்ட நீதான் சொன்னியா கண்ணு’ன்னு கேட்டாராம். திட்டலை, ஒண்ணுமில்லை. அப்படித்தான் கேட்டாராம். எம்புள்ள அந்த வீட்டுல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பா?”

தவசிலிங்கம் அரிசி டின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் அவரை நினைத்தே எழுதவில்லையே, அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு கஷ்டம் இருந்ததே என் மண்டையில் இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது, அப்புறம், அதுதானே குற்றம், இருந்திருக்கவேண்டாமா என்று தோன்றியது. எத்தனை தடவை கொடி போனில் அழுதிருப்பாள், எத்தனை தடவை வேலு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று சொல்லியிருப்பாள், ஒவ்வொரு தடவையும் எந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டோமோ. ஒரு வரியாவது ‘பிள்ளை அழகாக இருக்கிறாள்’ என்று எழுதினோமா இதுவரைக்கும்? பெட்டியில் வந்த அத்தனை படத்துக்கும் ஏதாவது எழுதியிருக்கிறோம், முழிக்கிறாளா விழிக்கிறாளா, சாப்பிடுகிறாளா உண்கிறாளா. வெட்கமாக இருந்தது. “போன் போடு” என்றார். வேலுத்தாய் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போட்டாள், ஒலிபெருக்கியையும் அழுத்தி உப்பு ஜாடி மேலேயே வைத்தாள். மணி அடிக்கிற நேரத்தில் தவசிலிங்கம் மனசுக்குள் வாக்கியம் கட்டினார். அன்புள்ள மகளுக்கு என்றா தொடங்குவது, இதென்ன கடிதமா? நான் எழுதிய கருத்து தவறான பொருளில் புரிந்துகொள்ளப்பட்டமைக்கு, சே, செயப்பாட்டுவினை, யார் புரிந்துகொண்டார்கள், யார் எழுதினது, தூக்கிப் போடு அதை.

“சொல்லும்மா” என்றாள் பொற்கொடி.

“நான்தாம்மா.”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“கொடி, அந்தக் கேக்கு...”

“அப்பா, வேணாம். அத்தை, மாமா எல்லாரும் இங்கதான் இருக்காங்க.”

“இருக்கட்டும்மா. நல்லா இருந்துச்சு கேக்கு. உங்கத்தை அம்புட்டு நல்லா எழுதியிருந்தாங்க. நான் அதப் பாக்காம, ஒரு எழுத்தப் பிடிச்சுக்கிட்டு... நான் சத்தியமா உங்க மாமாவ நெனச்சு எழுதலைம்மா. எனக்குப் புத்தி அப்படி. ஒண்ணு கண்ணுல பட்டுட்டா மத்தது தெரியாது. நீ ஒண்ணும் எங்கிட்டச் சொல்லலைன்னு அவர்கிட்ட நான் சொல்றேன். நேர்ல வந்து அவரு கையப் பிடிச்சுச் சொல்றேன்.”

பொற்கொடி மூக்கை உறிஞ்சினாள். சிரிப்பா அழுகையா என்று இவருக்குப் பிடிபடவில்லை. “வந்து சொல்லுங்க” என்றாள். “எழுதி மட்டும் போட்டுராதீங்கப்பா.” பின்னால் யாரோ ஓர் ஆண் மெதுவாகக் கனைத்தார். ‘சம்பந்திங்களா?’ என்று அம்சவேணி அம்மாளின் குரல் தூரத்தில் கேட்டது, அவர் கிட்டே வருவதற்குள் தடதடவென்று காலடி, கைப்பேசி கைமாறுகிற கரகரப்பு, பிறகு காதைத் துளைக்கிற மாதிரி ஒரு கத்தல்.

“தாத்தா! நீ எப்போ வருது?”

வேலுத்தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு புருஷன் முகத்தைப் பார்த்தாள். புனேயிலும் சத்தம் நின்றுபோயிற்று, அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது இங்கே தெரிந்தது. முன்னிலை எழுவாய், நல்ல உயர்திணை, அதன் தலையில் ஓர் அஃறிணை வினைமுற்று. நீ வருவாய். தாத்தா வருவார். நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. தவசிலிங்கம் எச்சிலைக் கூட்டி விழுங்கினார்.

“வருது கண்ணு” என்றார். “தாத்தா நாளைக்கே ரயிலேறி வருது.”